சுறா ஈரல் எண்ணெய்: ஒரு தொழிலின் வரலாறு

சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. கொடுவா, கெளுத்தி போன்ற எலும்பு மீன்கள் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையைப் பெருக்கியும் சுருக்கியும் தண்ணீரில் நிலைகொள்கின்றன. குருத்தெலும்பு உடல் கொண்ட சுறாவுக்கு அந்த உதவியைச் செய்வது ஈரல். கடல்நீரைவிட இலேசான எண்ணெய் அதில் நிறைந்திருப்பதால் சுறாவின் எடை தண்ணீரில் குறைகிறது. இரை கிடைக்காத காலத்துக்கான சேமிப்பும் அந்த எண்ணெய்தான். சில இனங்களில் ஈரல் மட்டுமே உடலெடையில் நாலில் ஒரு பங்கு இருக்கும். துடுப்புக்காகச் சுறாக்கள் கொல்லப்படுவதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். ஈரலுக்காக நடந்த வேட்டை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. ஆனால் ஒரு சுறா இனம் எவ்வளவு விரைவில் குலையும், எவ்வளவு மெதுவாக மீளும் என்பதை முதலில் தெளிவாகக் காட்டியது இந்த எண்ணெய்த் தொழிலே.

தொடக்கத்தில் அது விளக்கெரிக்கும் எண்ணெய். ஐஸ்லாந்து மீனவர்கள் குளிர்காலக் கடலில் சங்கிலியும் பெரிய கொக்கியும் கொண்டு கிரீன்லாந்துச் சுறாவைப் பிடித்து, ஈரலை உருக்கி, பீப்பாய்களில் ஐரோப்பிய நகரங்களுக்கு அனுப்பினர். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த ஏற்றுமதி உச்சத்தில் இருந்தது. அயர்லாந்தின் மேற்குக் கரையில் 18-ஆம் நூற்றாண்டிலேயே பாஸ்கிங் சுறாவை ஈட்டியால் குத்திப் பிடிக்கும் தொழில் நடந்தது. மிதவை உயிரிகளை வடித்துத் தின்னும் இந்தச் சாதுவான பெருமீன் கோடையில் நீர்மட்டத்துக்கு வந்து மெல்ல நகரும். படகில் அருகே போய்க் குத்துவது எளிது. மண்ணெண்ணெயும் நிலக்கரி வாயுவும் வந்த பிறகு விளக்கெரிக்கும் எண்ணெயின் சந்தை மறைந்தது.

கிரீன்லாந்துச் சுறாவின் வயதை அந்த நாளில் யாரும் அறியவில்லை. 2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கண்வில்லையில் உள்ள கார்பனை அளந்து, அது குறைந்தது 272 ஆண்டுகள் வாழக்கூடியது என்றும், பெண் சுறா இனப்பெருக்க வயதை எட்டவே ஏறக்குறைய 150 ஆண்டுகள் ஆகும் என்றும் மதிப்பிட்டது. இந்தக் கணக்கின்படி, 1860-களில் ஐஸ்லாந்துக் கொக்கியில் சிக்கிய ஒரு முதிர்ந்த பெண் சுறா 1700-களின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ பிறந்திருக்க வேண்டும். எல்லாச் சுறாக்களும் இவ்வளவு மெதுவாக வளர்வதில்லை. ஆனாலும் தாமதமாக முதிர்வதும், சில குட்டிகளையே ஈனுவதும், நீண்ட நாள் சினையாக இருப்பதும் பெரும்பாலான சுறாக்களுக்குப் பொதுவானவை. ஒரு பெண் மத்தி ஒரே பருவத்தில் பல்லாயிரம் முட்டையிடும். மத்திக்கு ஏற்ற மீன்பிடிக் கணக்கைச் சுறாவுக்குப் போட முடியாது.

ஈரல் எண்ணெயின் இரண்டாம் வாழ்வு மருத்துவத்தில் தொடங்கியது. 1913-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்மர் மக்கோலமும் மார்கரீட் டேவிஸும் கொழுப்பில் கரையும் ஒரு சத்து இல்லாமல் எலிகள் வளர்வதில்லை என்று கண்டனர். அதுவே பிறகு வைட்டமின் ஏ எனப்பட்டது. அது குறைந்தால் மாலைக்கண் வரும், கண் வறண்டு பார்வையே போகக்கூடும். 1931-இல் பால் கர்ரர் அதன் வேதி அமைப்பைக் கண்டறிந்தார். அமைப்பு தெரிந்தாலும் ஆலையில் செய்யும் வழி இன்னும் கைவரவில்லை. உலகம் நார்வேயிலிருந்து வந்த காட் மீன் ஈரல் எண்ணெயையே நம்பியிருந்தது. கோழிப் பண்ணைகளும் மாட்டுப் பண்ணைகளும்கூட அதை வாங்கித் தீவனத்தில் கலந்தன.

அந்த நிலையில்தான் கலிபோர்னியாவின் சூப்ஃபின் சுறா வணிகர்களின் கண்ணில் பட்டது. ஏறக்குறைய ஆறடி வரை வளரும், ஒல்லியான சாம்பல்நிறச் சுறா அது. அறிவியல் பெயர் கேலியோரைனஸ் கேலியஸ். அதன் துடுப்பைச் சீன வணிகர்கள் சூப்புக்கு வாங்கினர். இறைச்சி உள்ளூரில் மலிவாக விற்றது. 1930-களின் முற்பாதியில் ஆண்டுக்குச் சில நூறு டன்னே கரைக்கு வந்தது. டன்னுக்கு அறுபது டாலர் கிடைப்பதே அரிது.

1937-இல் அதன் ஈரலைச் சோதித்தபோது, காட் எண்ணெயைவிடப் பல பத்து மடங்கு வைட்டமின் ஏ இருப்பது தெரிந்தது. செய்தி துறைமுகங்களில் பரவியதும் வேறு மீன் பிடித்தவர்களும் சுறாவுக்குத் திரும்பினர். 1939-இல் ஏறக்குறைய 600 படகுகள் இந்தத் தொழிலில் இருந்தன. அந்த ஆண்டில் கலிபோர்னியாவில் இறக்கப்பட்ட சுறாக்களின் மொத்த எடை நாலாயிரம் டன்னைத் தாண்டியது; அதில் பெரும்பங்கு சூப்ஃபின். 1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியதும் காட் எண்ணெய் வரத்து அடைபட்டது. இரவில் பறக்கும் விமானிகளுக்கும் போர்க்கள வீரர்களுக்கும் வைட்டமின் ஏ தேவை என்ற பேச்சு விலையை இன்னும் ஏற்றியது. 1941-க்குள் டன் விலை ஆயிரம் டாலரைக் கடந்திருந்தது.

பிடிக்கும் முறையும் மாறியது. முதலில் நெடுங்கயிற்றில் வரிசையாகத் தூண்டில்களைக் கட்டிக் கடலடியில் போட்டனர். பிறகு செவுள் வலைகள் வந்தன. அவை ஒரே இரவில் அதிகமாகப் பிடித்தன. மீன் குறையக் குறைய வலையின் நீளம் கூடியது, படகுகள் மேலும் தொலைவு போயின. ஈரலின் விலையை வைட்டமின் அளவே தீர்மானித்தது. அந்தச் சத்து ஆண்டுக்காண்டு ஈரலில் சேர்ந்துகொண்டே போவது. ஆகவே வயதான பெரிய மீனின் ஈரலே விலை உயர்ந்தது. இனத்தைப் பெருக்கும் திறன் மிகுந்தவற்றின் தலைமீதே அதிக விலை இருந்தது. எந்த மீன்வளத்துக்கும் இதைவிடக் கெட்ட ஏற்பாடு இருக்க முடியாது.

சூப்ஃபின் சுறாவின் வாழ்க்கைமுறை இந்தக் கேட்டைப் பெருக்கியது. அதில் ஆணும் பெண்ணும் ஆண்டின் பெரும்பகுதி தனித்தனியே திரிபவை. வட கலிபோர்னியாவில் வலையில் விழுந்தவை ஏறக்குறைய எல்லாம் ஆண்கள்; தெற்கே கரையோரம் சிக்கியவற்றில் பெண்களே மிகுதி, அவற்றில் பலவும் சினையானவை. ஒரு பெண் சராசரியாக 35 குட்டிகளை ஈனும். சுறாக்களில் இது பெரிய எண்ணிக்கை. ஆனால் முதல் குட்டிக்கு அது பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். கர்ப்பம் ஏறக்குறைய ஓராண்டு. அடுத்த ஈற்றுக்கு உடல் தேற மேலும் காலம் வேண்டும். அண்மையில் தென் கலிபோர்னியாவின் லா ஹோயா கரையில் குறியீட்டுக் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள், பெண் சுறாக்கள் அதே ஆழமற்ற வெதுவெதுப்பான நீருக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதைக் கண்டனர். சினைச் சுறாக்கள் கூடும் இடமும் பருவமும் மீனவருக்குத் தெரிந்துவிட்டால், மூன்று பருவங்களில் ஒரு பகுதியின் தாய்ச்சுறாக்கள் அனைத்தையும் வலையால் எட்டிவிட முடியும் என்பது இதன் பொருள்.

விளைவு தெரிய நெடுநாள் ஆகவில்லை. 1944-இல் சூப்ஃபின் பிடிப்பு முந்நூறு டன் அளவுக்கு இறங்கியிருந்தது. விலை அப்போதும் உயர்வாகத்தான் இருந்தது, மீன்தான் இல்லை. கலிபோர்னிய மீன்வளத் துறையினர் அந்நாளிலேயே இதைப் பதிவு செய்தார்கள். ஏழாண்டுக்குள் ஒரு தொழில் பிறந்து, உச்சம் தொட்டு, தன் மூலப்பொருளையே தின்று தீர்த்திருந்தது. வேட்டையை நிறுத்திய கடைசி அடி ஆலையிலிருந்து வந்தது. 1947-இல் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனத்தில் ஓட்டோ ஈஸ்லர் குழு வைட்டமின் ஏ-யைச் செயற்கையாகத் தயாரிக்கும் வழியைக் கண்டது. சில ஆண்டுகளில் மலிவான செயற்கை வைட்டமின் சந்தையை நிரப்பியது, சுறா ஈரலைக் கேட்பார் இல்லை.

அதே போர்க்காலம் இந்தியக் கரையையும் தொட்டது. அதற்கு முன் இங்கே சுறா என்றால் கறி, கருவாடு, பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கக் கொடுக்கும் புட்டு. ஈரல் எண்ணெயை மரக்கலங்களின் பலகையில் பூசுவார்கள். காட் எண்ணெய் இறக்குமதி நின்றதும் மாகாண அரசுகள் உள்ளூர்ச் சுறாவைத் தேடின. சென்னை மாகாண மீன்வளத் துறை அன்று அந்த மாகாணத்தில் இருந்த கோழிக்கோட்டில் ஈரல் எண்ணெய் ஆலையைத் தொடங்கியது. பம்பாயிலும் திருவிதாங்கூரிலும் உற்பத்தி நடந்தது. இந்தியச் சுறா எண்ணெயில் வைட்டமின் மிகுதியாக இருந்ததால், சுத்திகரித்த கடலை எண்ணெயைக் கலந்து, காட் எண்ணெயின் அளவுக்குக் குறைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பினர். இந்தத் தொழில் கலிபோர்னியாவைப் போல வெடித்துக் கிளம்பவில்லை. படகுகள் சிறியவை, இயந்திரம் இல்லை, சுறாவின் மற்றப் பகுதிகளுக்கும் உணவுச் சந்தை இருந்தது. இந்தியச் சுறாக்கள் அந்தக் காலத்தில் தப்பியதற்கு எந்தச் சட்டமும் காரணம் இல்லை. கரையைவிட்டு அதிக தூரம் போக முடியாத படகுகளே காரணம்.

போருக்குப் பின் வைட்டமின் சந்தை போனாலும், எண்ணெய்க்குத் தொழிற்சாலைப் பயன் இருந்தது. அயர்லாந்தின் ஆக்கில் தீவில் 1947-இல் பாஸ்கிங் சுறா வேட்டை மறுபடி தொடங்கியது. கீம் விரிகுடாவில் கரையிலிருந்து வலை கட்டி, சிக்கிய சுறாவைச் சிறு படகில் போய் ஈட்டியால் குத்திக் கொன்றனர். வறுமை மிகுந்த தீவில் அது கோடைக்கால வேலையும் கூலியும் தந்தது. 1950-களின் முற்பாதியில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் பிடித்தனர். அடுத்த பத்தாண்டில் பிடிப்பு நூறு அளவுக்கு வீழ்ந்தது. 1975-இல் தொழில் முடிந்தபோது மொத்தம் 12,360 சுறாக்கள் அந்த ஒரு தீவில் கொல்லப்பட்டிருந்தன.

கனடாவின் பசிபிக் கரையில் அரசு பாஸ்கிங் சுறாவைக் கொன்றது எண்ணெய்க்காகக்கூட அல்ல. சால்மன் வலைகளில் சிக்கி அவற்றைக் கிழிக்கிறது என்பதே அதன் குற்றம். 1955 முதல் 1969 வரை அரசு மீன்வளத் துறையின் ரோந்துப் படகு ஒன்று, முன்பக்கத்தில் கூர்மையான பெரிய கத்தி பொருத்தி, நீர்மட்டத்தில் மேயும் சுறாக்களின் மேல் மோதியது. அந்தப் படகு மட்டும் 413 சுறாக்களைக் கொன்றது. பாதுகாக்க வேண்டிய துறையே கத்தி பிடித்த இந்தக் கதை, சுறாவைக் காக்க வேண்டிய உயிராக எண்ணாத ஒரு காலத்தின் சான்று. பாஸ்கிங் சுறா இன்று அந்தக் கரையில் மிக அரிது. 2010-இல் கனடா அதை அழியும் நிலையில் உள்ள உயிராகச் சட்டத்தில் சேர்த்தது. பிரிட்டன் 1998-இலும், அயர்லாந்து 2022-இலும் அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தன. ஆக்கிலின் கடைசி வேட்டைக்கும் அயர்லாந்தின் சட்டத்துக்கும் இடையே 47 ஆண்டுகள்.

குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் இதே கதை வேறு விதமாக முடிந்தது. வேராவல், சூத்ராபாடா, தாம்ளேஜ் பக்கத்து மீனவர்கள் வெயில் தொடங்கும் மாதங்களில் வரும் திமிங்கலச் சுறாவைக் குத்திப் பிடித்து, ஈரல் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசிவந்தனர். மீன்களிலேயே பெரியது அது. உணவு மிதவை உயிரிகளும் சிறு மீன்களும். 1990-களில் இறைச்சிக்குத் தைவான் சந்தை திறந்ததும் எண்ணெய் பின்னுக்குப் போனது. கொக்கியில் கட்டிய பிளாஸ்டிக் பீப்பாய்கள் சுறாவைச் சோர்வடையச் செய்ய, படகுகள் அதைக் கரைக்கு இழுத்துவந்தன. 1995-இல் தைவானில் பிடிபட்ட ஒரு சினைச் சுறாவின் வயிற்றில் ஏறக்குறைய 300 கருக்கள் இருந்தன. முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து குட்டியாக வெளிவரும் இனம் இது என்பது அன்றுதான் உறுதியானது. இந்த உயிரின் இனப்பெருக்கம் பற்றிய அடிப்படைச் செய்தியே, வேட்டை உச்சத்தில் இருந்தபோது, ஒரு பிணத்திலிருந்து கிடைத்தது.

மைக் பாண்டே எடுத்த ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ என்ற ஆவணப்படம் சௌராஷ்டிர வேட்டையை நாட்டுக்குக் காட்டியது. 2001 மே மாதம் திமிங்கலச் சுறா வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. அந்த இடத்தைப் பெற்ற முதல் மீன் அதுவே. ஜூலையில் அரசு ஒரே அறிவிப்பில் எல்லாச் சுறாக்களையும் திருக்கைகளையும் அதே அட்டவணையில் போட்டது. கரையெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அன்றாடம் வலையில் விழும் சிறு சுறாவும் திருக்கையும்கூடக் குற்றமாகிவிட்டால் மீனவர் வாழ வழியில்லை என்ற வாதம் நியாயமானது. டிசம்பரில் தடை பத்து இனங்களாகச் சுருக்கப்பட்டது. அவசரமாகப் போட்டு, அவசரமாகத் தளர்த்திய அந்தத் தடையால் மீனவருக்கும் அரசுக்கும் இடையே நம்பிக்கை குறைந்தது.

குஜராத்தில் நம்பிக்கையை மீட்டது வேறொரு முயற்சி. 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் தொடங்கிய இயக்கத்தில் இராமகதைச் சொற்பொழிவாளர் மொராரி பாபு சேர்ந்தார். பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளைப் போல இந்தச் சுறா குஜராத் கரைக்கு வருகிறது என்று அவர் சொன்னதை மீனவர் குடும்பங்கள் ஏற்றன. வெறும் பேச்சோடு நிற்காமல், சிக்கிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்தால் அதற்கு இழப்பீடு தரும் முறையும் வந்தது. கடலில் எடுத்த படமே சான்றாக ஏற்கப்பட்டது. அதுவரை வேட்டையாடிய கைகளே நூற்றுக்கணக்கான சுறாக்களை வலையை அறுத்து விட்டன. நட்டத்தை மீனவர் தலையில் மட்டும் சுமத்தாததால்தான் இது நடந்தது.

ஈரல் எண்ணெயின் மூன்றாம் வாழ்வு ஆழ்கடலில். 1906-இல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ சுறா எண்ணெயில் புதிய ஹைட்ரோகார்பன் ஒன்றைக் கண்டார். பின்னர் அதற்கு ஸ்குவாலீன் என்று பெயரிட்டார். ஹைட்ரஜன் ஏற்றினால் அது கெடாத, பிசுபிசுப்பில்லாத ஸ்குவாலேன் ஆகும். முகப்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் உகந்தது. சில தடுப்பூசிகளின் துணைப்பொருளிலும் ஸ்குவாலீன் உண்டு. அது மிகுதியாக இருப்பது சில நூறு மீட்டர் ஆழத்துக்குக் கீழே வாழும் கல்பர் சுறாக்களில். பெரிய பச்சைக் கண்களும் எண்ணெய் ததும்பும் ஈரலும் கொண்ட இவை ஒரு ஈற்றுக்கு ஓரிரு குட்டிகளே போடும். சினைக்காலம் ஏறக்குறைய இரண்டாண்டு. சுறாக்களிலேயே பெருக்கம் மிகக் குறைந்தவை இவை.

மாலத்தீவில் 1980-ஐ ஒட்டித் தொடங்கிய கல்பர் சுறாத் தொழில் சில ஆண்டுகளில் உச்சம் கண்டு சரிந்தது. 2010-இல் அந்த நாடு எல்லாச் சுறா மீன்பிடிப்பையும் தடை செய்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கரைக்கப்பால், 1976–77-இல் ஒரு கப்பல் இழுவலை போட்ட இடங்களில் இருபது ஆண்டு கழித்து மீண்டும் போட்டுப் பார்த்தனர். கல்பர் குடும்பச் சுறாக்கள் 98 விழுக்காட்டுக்கு மேல் குறைந்திருந்தன. அங்கே குறைவுக்குக் காரணம் இழுவலை. எண்ணெய் விலை இல்லாமலே இவ்வளவு சரியும் இனம், விலையும் சேர்ந்தால் எப்படித் தாங்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் நாட்டின் மிகத் தேர்ந்த ஆழ்கடல் சுறாத் தொழிலாளிகள். வாரக்கணக்கில் கடலில் தங்கி, நெடுந்தூண்டில் போட்டு, பிடிப்பைப் பெரும்பாலும் கொச்சித் துறைமுகத்தில் இறக்குவார்கள். 2000-களில் அங்கே ஆழ்கடல் கல்பர் சுறாக்களும் குறிவைத்துப் பிடிக்கப்பட்டன; இறைச்சியைவிட ஈரலே மதிப்புடையது. இவர்களுக்கு மாற்றுத் தொழிலோ பாதுகாப்போ அதிகம் இல்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் அதிக உயிர்களை இழந்தவை இந்தக் கிராமங்கள். சுறாவைக் காக்கும் எந்தத் திட்டமும் இவர்களைக் குற்றவாளியாக்கித் தொடங்கினால் 2001-இன் பிழையே திரும்பும். குஜராத்தில் செய்ததைப் போல, இழப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இங்கும் வேண்டும்.

சூப்ஃபின் சுறா 2020-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிகக் கடுமையாக அழியும் நிலையில் உள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. தென்கடல்களில் இறைச்சிக்காகத் தொடர்ந்து பிடிக்கப்பட்டதும் அதற்குக் காரணம். ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் ஆழ்கடல் சுறாக்களுக்கான பிடிப்பு அளவைச் சுழியமாக்கியது. 2008-ஐ ஒட்டிப் பெரிய அழகுப்பொருள் நிறுவனங்கள் சில சுறா ஸ்குவாலேனைக் கைவிட்டு ஆலிவ் எண்ணெய்க்கு மாறின. இப்போது கரும்புச் சர்க்கரையை நொதிக்க வைத்தும் அது செய்யப்படுகிறது. செடியிலிருந்து வந்ததும் சுறாவிலிருந்து வந்ததும் வேதிப்பொருளாக ஒன்றே. கார்பன் ஐசோடோப்பு சோதனை போன்ற ஆய்வகச் சோதனைகளால்தான் அவற்றைப் பிரித்தறிய முடியும். முகப்பூச்சின் பெட்டியில் ஸ்குவாலேன் என்று கண்டால், அது செடியிலிருந்து எடுத்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள். அச்சிடாத நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள்.